தேநீர்க் கோப்பையும் எமது ஈரலும்

எமது வீடுகளுக்கு வருபவர் எவராயினும், அவர் காலணியைக் கழற்றி முடிப்பதற்குள் குசினியில் கேத்தில் கொதிக்கத் தொடங்கிவிடுகின்றது. "தேத்தண்ணி குடியாமல் போறதோ?" என்று கேட்கப்பட்ட பின்னர் எழுந்து செல்லத் துணிந்தவர் எம்மிடையே எவருமில்லை. கலியாணப் பேச்சும் தேநீருடன்தான் தொடங்குகின்றது; செத்தவீட்டில் துயர் பகிர வந்தோருக்கும் தேநீர்தான் வழங்கப்படுகின்றது. ஊரையும் உறவையும் இழந்து வந்த நாம் இழக்காமல் கொண்டுவந்தவற்றுள் இந்தக் கோப்பையும் ஒன்று.

அண்மைக் காலமாக இக்கோப்பையைச் சுற்றி இருவகைப் பேச்சுகள் எழுந்துள்ளன. "பச்சைத் தேயிலை கொழுப்பைக் கரைக்கும், ஈரலைக் கழுவும்" என்பார் ஒரு சாரார். "தேத்தண்ணிதான் சலரோகத்துக்குக் காரணம், அதை விடுங்கோ" என்பார் மறு சாரார். இவற்றுள் எது உண்மை? இக்கேள்வியை எம்மிடம் எழுப்பியது நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்த சம்பவமாகும்.

பாரிசின் புறநகரொன்றில் வாழும் அக்குடும்பத் தலைவர் எண்பதுகளின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்தவர். கோப்பை கழுவும் வேலையில் தொடங்கி, இன்று உணவகமொன்றின் குசினியில் சமையலாளராக இருப்பவர். மதுவைக் கையாலும் தொட்டறியாதவர். வழமையான இரத்தப் பரிசோதனையொன்றில் அவரது ஈரல் நொதியங்களின் அளவு உயர்ந்து காணப்பட்டது. தொடர்ந்து எடுக்கப்பட்ட ஸ்கான் படத்தில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரியவந்தது. அவ்வறிக்கையை அவர் மனைவிக்கும் காட்டாது எட்டு மாதங்கள் பயணப்பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். வேறொரு பத்திரத்தைத் தேடிய மகளின் கையில் அது அகப்பட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்டபோது, "ஈரலிலை வருத்தம் எண்டால் நான் களவாய்க் குடிக்கிறன் எண்டுதானே சனம் கதைக்கும்" என்றாராம்.

அந்த எட்டு மாதங்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நோயினும் கொடியது அதனைப்பற்றிய வெட்கம். அவ்வெட்கத்துக்கு ஆதாரமே இல்லை என்பதை முதலில் விளக்குவோம்.

குடியாதவர் ஈரலிலும் கொழுப்பு

ஈரல் நோய் என்றதும் மதுவையே நினைப்பது எமது வழக்கம். மது ஈரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் ஈரல் நோய் மதுவின்றியே வருவதாகும். வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 பேருக்கு 3 பேரிடம் இது உள்ளதென மதிப்பிடப்படுகின்றது. முன்னர் 'மதுசாராக் கொழுப்பு ஈரல்' என்று அழைக்கப்பட்ட இந்நோய்க்கு 2023ஆம் ஆண்டில் சர்வதேச ஈரல் மருத்துவ அமைப்புகள் புதிய பெயரொன்றைச் சூட்டின. உடலின் அனுசேபக் கோளாற்றுடன் கூடிய கொழுப்பு ஈரல் என்பதே அப்பெயரின் பொருள். மதுவை வைத்துப் பெயரிடுவதை விடுத்து, உண்மைக் காரணத்தைச் சுட்டுவதும், நோயாளர்மீது படியும் களங்கத்தைக் களைவதும் அம்மாற்றத்தின் நோக்கங்களாக இருந்தன. பிரெஞ்சு மொழி அறிக்கைகளில் 'ஸ்தெயாத்தோஸ்' என்று காணப்படும் சொல் இக்கொழுப்புப் படிவையே குறிக்கும். அச்சொல்லில் மது என்ற பொருள் எங்கும் இல்லை.

அனுசேபம் என்பது உண்ட உணவை உடல் எரித்துச் சக்தியாக்குவதும், எஞ்சியதைச் சேமிப்பதுமான தொழிற்பாடாகும். இதில் ஈரலுக்கு முக்கிய பங்குண்டு. நாம் உண்ணும் சீனியின் பாதி குளுக்கோசு, மறுபாதி பிரக்ரோசு. குளுக்கோசை உடலின் எல்லா உறுப்புகளும் பயன்படுத்தும். பிரக்ரோசின் பெரும்பகுதியைக் கையாளும் பொறுப்போ ஈரலைச் சார்ந்தது. அளவுக்கு மிஞ்சி வந்து சேர்வதை ஈரல் கொழுப்பாக மாற்றுகின்றது. அக்கொழுப்பு ஈரலிலேயே தங்கத் தொடங்கும்போது, இன்சுலினின் சொல்லை ஈரல் கேளாது போகின்றது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைக்கின்றது. நீரிழிவும் கொழுப்பு ஈரலும் ஒரே வீட்டில் பிறந்த சகோதரர்கள் என்பது இதனாலேதான்.

இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருக்கும். பலருக்கு அது கொழுப்புப் படிவுடனேயே நின்றுவிடும். சிலருக்கு ஈரல் அழற்சியுற்று, தழும்பேறி, இறுதியில் சுருங்கிப் போகும், புற்றுநோய்க்கும் இடமளிக்கும். இந்நோயாளர் பலரின் உயிரைப் பறிப்பது ஈரலைவிட இருதயமே என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எம்மவர் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டியவர்களாவர். தெற்காசியர் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர். கைகால் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றம் எம்மிடையே சாதாரணம். அதனை நாம் 'செழிப்பு' என்றுகூடச் சொல்லிக்கொள்வோம். தெற்காசிய ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்ணின் சுற்றளவு 80 சென்ரிமீற்றரையும் எட்டும்போதே எச்சரிக்கை தேவை என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் அளவுகோலாகும். தையல் நாடாவொன்றே இச்சோதனைக்குப் போதும்.

கோப்பைக்குள் எத்தனை கரண்டி?

நாம் மேலே குறிப்பிட்டவர் மகளுடன் வைத்தியரிடம் சென்றார். நாளொன்றுக்கு என்ன குடிப்பீர்கள் என்று வைத்தியர் வினவ, தேநீர் மட்டும் என்றார். எத்தனை கோப்பை? ஆறு. கோப்பைக்கு எத்தனை கரண்டி சீனி? தந்தை மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். "மூண்டு எண்டு சொல்லு" என்றார் அவர் மெல்லிய குரலில்.

அக்கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். குவித்து எடுத்தால் அதற்கும் கூட. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஆறு கோப்பை எனின் 18 கரண்டி, அதாவது 72 கிராம் ஆகின்றது. உணவில் சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் எனவும், 25 கிராமுக்குக் குறைப்பது இன்னும் நன்று எனவும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அவர் தேநீரில் மட்டும் பருகிய சீனி ஆண்டுக்கு 26 கிலோவுக்கு மேல்! லாச்சப்பல் கடையில் 26 சீனிப் பைகளை ஒருங்கே அடுக்கி வைத்து, இவற்றை ஓராண்டில் கரைத்துக் குடிப்பீர்களா என்று கேட்டால், யார்தான் ஆமென்பார்?

ரின்பாலிலும் இதே கதைதான். இனிப்பூட்டிய ரின்பாலின் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு சீனியாகும். ஒரு மேசைக்கரண்டி ரின்பாலில் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சீனி மறைந்துள்ளது. "சீனி போடுறேல்லை, ரின்பால் மட்டும்தான்" என்று ஆறுதலடைவோர் இதனைக் கவனிப்பாராக. இனித் தேநீருடன் வரும் பிஸ்கற்றும், கேக்கும், பற்றீசும், ரோல்சும் உள்ளன. அவற்றின் மாவும் எண்ணெயும் இதே கணக்கில் வந்து சேர்பவை.

ஊரில் நாம் இவ்வாறு குடிக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தல் தகும். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்டதோடு இலங்கையில் வணிகப் பயிராக வேரூன்றிய தேயிலை, மலையகத் தமிழரின் உழைப்பினால் உலகெங்கும் சென்றது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அது பெரும்பாலும் வெறுந் தேநீராகவே இருந்தது. உள்ளங்கையில் ஒரு சிறு பனங்கட்டித் துண்டு. அதனைக் கடித்துக் கடித்து ஒரு பேணித் தேநீரும் முடிந்துவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையினால் சீனி அரிதாகி விலையேறியபோது அத்துண்டு மேலும் சிறுத்தது. பனங்கட்டியும் இனிப்புத்தான், அதனை மருந்தென்று எண்ணுதல் தவறு. ஆயினும் அக்காலத்தில் இனிப்பின் அளவை எமது கண் கண்டது, பல் உணர்ந்தது. இங்கோ சீனி மலிவு. கரைந்தபின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லாமையிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் ஒரு கரண்டி கூட்டிப் போடுவதன் பின்னாலுள்ள மனதை நாம் அறிவோம். அந்த அன்பைக் குறைகூற நாம் வரவில்லை.

தேயிலை செய்வதும் செய்யாததும்

அவ்வாறாயின் தேயிலை குற்றவாளியா? இல்லை என்பதே விடை. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்தபின் பதப்படுத்தும் முறையே வேறு. இரண்டிலும் பொலிபீனோல் எனப்படும் சேர்வைகளும் கபீனும் உள்ளன. சீனியும் பாலும் சேராத வெறுந் தேநீரில் கலோரி அநேகமாக இல்லையென்றே கூறலாம்.

பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நாளுக்கு இரண்டோ அதற்கு மேலோ கோப்பை தேநீர் அருந்தியோரிடையே இறப்பு வீதம் 9 முதல் 13 விழுக்காடு குறைந்திருந்தமையைக் கண்டது. அவர்களிற் பெரும்பாலோர் அருந்தியது எமக்குப் பழக்கமான கறுப்புத் தேநீரே. பாலும் சீனியும் சேர்த்தோரிடத்தும் இத்தொடர்பு காணப்பட்டது. ஆயினும் இதனைச் சீனிக்கான அனுமதிப்பத்திரமாகக் கொள்ளலாகாது. இத்தகைய ஆய்வுகள் இரு விடயங்கள் ஒருங்கே காணப்படுவதைக் காட்டுவன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென நிறுவுவன அல்ல.

இதற்கு நல்ல உதாரணமொன்றும் உண்டு. அதே 2022ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோமில் நடைபெற்ற ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டில், நாளுக்கு நான்கோ அதற்கு மேலோ கோப்பை தேநீர் அருந்துவோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 17 விழுக்காடு குறைவு என்ற செய்தி வெளியாயிற்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு அது. அதே குழுவினர் சீனாவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தனியே ஆராய்ந்தபோதோ, தேநீர் அருந்தியோருக்கும் அருந்தாதோருக்கும் நீரிழிவில் வேறுபாடு காணவில்லை. முதற்செய்தி தலைப்பாயிற்று, இரண்டாவது செய்தி பலரின் காதுக்கு எட்டவில்லை.

ஈரலைப் பொறுத்தவரையில், கொழுப்பு ஈரல் உள்ளோரிடம் பச்சைத் தேயிலையைப் பயன்படுத்திச் செய்த சில சிறு ஆய்வுகளில் ஈரல் நொதியங்கள் ஓரளவு இறங்கியுள்ளன. அவை சிறியவை, குறுகிய காலத்தவை. உண்மையில் ஈரலுக்கு நன்மை தரும் பானமென்று கூடுதலான சான்றுகள் கிடைத்திருப்பது சீனியற்ற கோப்பிக்கே. ஆகவே தேநீரை மருந்தாகக் கொள்ளவேண்டியதில்லை. நஞ்சென்று அஞ்சவும் வேண்டியதில்லை. சீனி குறைந்த தேநீர் தீங்கற்ற, இனிய பானம். அவ்வளவே.

மாத்திரையாக வரும் தேயிலை

அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டு. உடல் மெலிவதற்கென விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரைகளே அவை. 'இயற்கையானது, பக்க விளைவற்றது' என்ற வாசகத்துடன் இவை எம்மவர் கைகளிலும் உலாவுகின்றன. கலியாணத்துக்கு முன் மெலிய விரும்பும் இளம்பெண்களும், பிள்ளைப்பேற்றின் பின் எடை கூடிய தாய்மாரும் இவற்றை நாடுகின்றனர்.

கோப்பையில் ஊறும் இலையும் மாத்திரையில் செறிந்த சத்தும் ஒன்றல்ல. பச்சைத் தேயிலையின் முக்கிய சேர்வையான ஈ.ஜீ.சீ.ஜீ. என்பதை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக உட்கொண்டோரின் ஈரல் நொதியங்கள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியது. சாதாரணமாகத் தேநீராக அருந்துவோர் பெறுவது நாளுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் மட்டுமே. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டவரம்பு விதித்தது. ஒருநாள் அளவு 800 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 18 வயதுக்குட்பட்டோரும் உட்கொள்ளலாகாது. வெறுவயிற்றில் எடுத்தலாகாது என்ற எச்சரிக்கைகள் உறையில் அச்சிடப்படல் வேண்டும். தபாலில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படும் பொதிகளில் இவ்வெச்சரிக்கை இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை.

நாம் வாழும் பிரான்சுக்கு இது புதிய பாடமுமன்று. ஜேர்மாண்டர் என்னும் மூலிகை உடல் மெலிய உட்கொள்ளப்பட்டு, பலருக்கு ஈரல் அழற்சியை உண்டாக்கியமையால் 1992ஆம் ஆண்டில் இங்கு தடைசெய்யப்பட்டது. பச்சைத் தேயிலைச் சத்து அடங்கிய மெலிவு மருந்தொன்றும் இதே காரணத்தினால் 2003ஆம் ஆண்டில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. மூலிகையென்பதால் ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. இத்தகைய மாத்திரையையோ தூளையோ பாவிப்போருக்குக் கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுநிறமாதல், காரணமற்ற அரிப்பு, கடுஞ்சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே அதனை நிறுத்தி வைத்தியரிடம் செல்லல் வேண்டும். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது குடிப்பது?

வேறு மூன்று செய்திகளையும் மனதிற் கொள்வது நன்று. தேநீர், மரக்கறியிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதை வெகுவாகக் குறைக்கும். குருதிச்சோகையுள்ள பெண்களும் பிள்ளைகளும் சாப்பாட்டுடன் தேநீர் அருந்துவதைத் தவிர்த்து, ஒரு மணிநேரமாவது கழித்து அருந்துதல் வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்குவது மாத்திரையை வீணாக்குவதாகும்.

65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்தும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்கக் குடித்தாற்றான் தேநீர் என்போர் ஐந்து நிமிடம் பொறுப்பாராக.

மூன்றாவது, நித்திரை. இரவு வேலை முடித்து வருவோர் களைப்புத் தீரத் தேநீர் அருந்திவிட்டுப் படுக்கையிற் புரள்கின்றனர். நித்திரைக் குறைவு இன்சுலினின் செயலைத் தளர்த்தி, பசியையும் கூட்டும். படுக்கைக்கு முந்திய ஆறு மணிநேரத்தில் தேநீரைத் தவிர்த்தல் சிறந்தது.

வீட்டில் தொடங்குவோம்

செய்யவேண்டியவை அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் சீனியைக் குறைத்து வாருங்கள். நாக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். இஞ்சியோ ஏலக்காயோ சேர்த்தால் இனிப்பின் குறை தெரியாது. இனிப்பு மாத்திரைகளை உடல் மெலிவதற்கான வழியாகக் கொள்ள வேண்டாமென 2023இல் உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. நீரிழிவு உள்ளோருக்கான அறிவுரை அன்று அது. இன்சுலின் ஏற்றுவோர் தமது உணவுமுறையை மாற்றுமுன் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கொழுப்பு ஈரல் ஆரம்ப நிலையில் பின்வாங்கக்கூடியது என்பதே மிக நல்ல செய்தி. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே ஈரற்கொழுப்புக் குறையும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ எடையுள்ளவருக்கு முதற்படி 4 கிலோவே. நாளாந்த நடையும், சோற்றுக் கோப்பையின் அளவும் இதில் தேநீருக்குச் சமமான பங்குடையவை. ஈரல் தழும்பேறியுள்ளதா என்பதை அறிய, வயதையும் சாதாரண இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டு கணிக்கும் 'ஃபிப்-4' என்ற எளிய முறை உண்டு. குடும்ப வைத்தியரிடம் அதனைக் கேளுங்கள்.

இன்னொன்று. எமது வீடுகளில் வைத்தியருக்கும் பெற்றோருக்கும் இடையில் மொழிபெயர்ப்போர் பிள்ளைகளே. பிள்ளையின் முன் சொல்ல வெட்கப்பட்டு, கரண்டிக் கணக்கையும் மாத்திரைக் கணக்கையும் குறைத்துச் சொல்லும் பெற்றோர் பலர். உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகளும் அதனைக் கேட்டுச் சிரியாதிருங்கள். கூடிய ஒரு கரண்டிக்குப் பின்னால் சீனியில்லாத ஒரு காலம் இருந்திருக்கின்றது.

கடந்த மாதம் அவ்வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். வழமைபோலவே கேத்தில் கொதித்தது. தட்டில் தேநீர் வந்தது. சீனி தனிக் கிண்ணத்தில் வந்தது. "விருப்பமெண்டால் போடுங்கோ" என்றார் வீட்டுக்காரர். அவர் தமது கோப்பைக்கு அரைக் கரண்டி இட்டுக் கலக்கினார். எடை ஐந்து கிலோ குறைந்துள்ளதாம். நொதியங்களும் இறங்கி வருகின்றனவாம். அறிக்கை இப்போது பெட்டிக்குள் இல்லை; ஏனைய கடிதங்களுடன் மேசையில் கிடந்தது.

சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதால் எமது விருந்தோம்பல் ஒருபோதும் குறைந்துவிடாது. வந்தவர் நீண்டகாலம் எம்மிடம் வந்துபோக வேண்டுமென்று விரும்புவதும் விருந்தோம்பலே.